கொரியப் பழமொழிகள்: ஆங்கிலப் பட்டியலை நம்பிப் படித்தால் எங்கே இடறும்?

பிப்ரவரி 3, இரவு 9.20 | தொடங்கியவர்

கொரிய மொழியை ஆங்கிலப் பாடநூல் வழியாகப் படிப்பவர்களுக்கு ஒரு கேள்வி. புழக்கத்தில் இருக்கும் பட்டியல்களில் ஒவ்வொரு கொரியப் பழமொழிக்கும் நேராக ஓர் ஆங்கிலப் பழமொழி போட்டிருக்கிறார்கள். 'சோ இல்கோ வெயாங்கான் கொச்சிந்தா', அதாவது மாட்டைத் தொலைத்துவிட்டுத் தொழுவத்தைச் சரிசெய்வது. அதற்கு நேராக, குதிரை ஓடிய பிறகு லாயக் கதவைச் சாத்துவது. கச்சிதமாகப் பொருந்துகிறது. இப்படி ஒரு நூறை நெட்டுருப் போட்டால் போதும், பேச்சில் தானாக வந்துவிடும் என்கிறேன். மறுப்பு உண்டா?

பிப்ரவரி 3, இரவு 10.05 | பழஞ்சுவடி

உண்டு. மாட்டுத் தொழுவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் பொருந்துகிறது, இடம் பொருந்தவில்லை. கொரியாவில் இது வெறும் 'நேரம் கடந்துவிட்டது' அல்ல, குற்றச்சாட்டு. 1994இல் சோல் நகரில் சொங்சு பாலம் இடிந்து 32 பேர் இறந்தார்களே, அந்த மாதிரி விபத்து நடந்து, அதன் பிறகு அதிகாரிகள் சோதனைக்குக் கிளம்பும்போது தலையங்கம் எழுதுபவர் எடுக்கும் ஆயுதம் இது. பணத்தையோ ஆளையோ இழந்து உட்கார்ந்திருப்பவரிடம் சொன்னால் வெந்த புண்ணில் வேல்.

இன்னொன்று. இதன் சீன மூலம் 'ஆடு தொலைந்த பின் பட்டியைச் செப்பனிடுவது'. பழைய சீன நூலில் அந்த வாசகம் 'அப்படிச் செய்தாலும் தாமதமில்லை' என்று முடிகிறது. ஆறுதல் வார்த்தை. அதே நான்கு எழுத்துகள் கொரியாவுக்கு வந்து 'மாங்யாங்போரோவே' ஆனபோது பொருள் தலைகீழாகி 'இனி என்ன பயன்' என்று நின்றுவிட்டது. சீனம் தெரிந்தவர்கள் கொரியரைத் தேற்றுவதாக நினைத்து இதைச் சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது.

பிப்ரவரி 4, காலை 7.50 | சப்டைட்டில் மேசை

தொடர்களுக்கு வசனப் பட்டி எழுதும் வேலையில் அதிகம் உதைப்பது கிம்ச்சிச் சாறு. முழு வடிவம்: 'தொக் சுல் சாராமுன் செங்காக்தோ அன்னுந்தே கிம்சிக்குக் புத்தொ மாசிந்தா'. தொக் கொடுக்க வேண்டியவருக்கு அந்த எண்ணமே இல்லை, இவர் அதற்குள் கிம்ச்சிச் சாற்றைக் குடித்துவிட்டார். ஆங்கிலப் பட்டியலில் இதற்கு 'பொரிவதற்கு முன் கோழிக்குஞ்சை எண்ணாதே' என்று இருக்கும்.

ஆங்கிலத்தில் படிப்பவர் 'கிம்ச்சி சூப்' என்று பார்த்ததும் கொதிக்கும் சிவப்புக் குழம்பை நினைக்கிறார். அதுவல்ல. முள்ளங்கியை உப்புநீரில் ஊறவைக்கும் தொங்சிமி போன்ற நீர்க் கிம்ச்சியின் குளிர்ந்த, புளித்த தண்ணீர். தொக் என்பது அரிசி மாவை ஆவியில் வேகவைத்து இடித்துச் செய்யும் பண்டம். பிசுபிசுப்பானது, வறண்ட தொண்டையில் அடைக்கும். அதனால் பக்கத்தில் ஒரு கிண்ணம் சாறு. முள்ளங்கியில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியும் இருக்கிறது. ஆக, சாறு குடிப்பது விருந்துக்குத் தொண்டையைத் தயார்செய்யும் வேலை. இது தெரியாமல் பழமொழி புரியாது.

பேச்சில் முழுதாகச் சொல்வது குறைவு. 'கிம்சிக்குக் மாசிஜி மா', கிம்ச்சிச் சாறு குடிக்காதே, அவ்வளவுதான். பெரும்பாலும் காதல் விஷயத்தில்: அவள் சிரித்துப் பேசினாள் என்பதற்காகக் கல்யாண மண்டபம் பார்க்கக் கிளம்புகிறவனிடம். கோழிக்குஞ்சுப் பழமொழி எச்சரிக்கிறது, கிம்ச்சிச் சாறு கேலி செய்கிறது. தொனி வேறு.

பிப்ரவரி 4, காலை 11.30 | கரையோரம்

தொக் என்றதும் ஒரு சேர்க்கை. 'கிரிமுய் தொக்', படத்தில் உள்ள தொக். பார்க்கலாம், தின்ன முடியாது. நமக்கு 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று அப்படியே இருக்கிறதே. ஆங்கிலத்தின் வழியே சுற்றிப் போக வேண்டியதில்லை.

பிப்ரவரி 4, பகல் 1.15 | பழஞ்சுவடி

சுரைக்காய் இங்கே சேராது. அது செயலுக்கு வராத படிப்பறிவைச் சாடுவது. படத்துத் தொக் ஆசைப்பட்டும் கைக்கு வராத பொருள். சம்பளக்காரர் சோல் நகரத்து அடுக்குமாடி வீட்டு விலையைப் பார்த்துச் சொல்வது. நம் 'எட்டாக்கனி'தான் சரி. ஓவியமும் ஓலையும் ஒன்றுபோலத் தெரிவதால் வந்த இணைப்பு இது. இரண்டு பழமொழியில் ஒரே உருவம் தெரிந்தால் பயன்பாடும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தலைகீழாகவும் நடக்கும். உருவம் துளியும் ஒட்டாது, பயன்பாடு அச்சாக ஒட்டும். 'பொந்தெகி ஆப்பெசொ சுரும் சாம்னுந்தா', பட்டுப்புழுக் கூட்டுப்புழுவின் முன்னால் போய்ச் சுருக்கம் காட்டுவது. அதன் உடம்பே சுருக்கம், அதனிடம் போய் நீ என்ன காட்டுகிறாய் என்று. கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். நோய் கொடுத்து மருந்தும் கொடுப்பது என்றொன்று, 'ப்யொங் சுகோ யாக் சுந்தா'. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது. இதற்கு ஆங்கிலப் பட்டியல்கள் எதை எதையோ போட்டுப் பார்க்கின்றன, ஒன்றும் உட்காரவில்லை.

பிப்ரவரி 4, இரவு 8.40 | தொடங்கியவர்

அப்படியானால் தமிழ் இணையை வைத்தே படித்துவிடலாமா? 'சாச்சோனி தாங்உல் சாம்யொன் பேகா ஆப்புதா' என்பதை எடுத்துக்கொள்கிறேன். சாச்சோன் நிலம் வாங்கினால் வயிறு வலிக்கும். ஆங்கில நூல் பொறாமைக்குப் 'பச்சையாவது' என்று எழுதிவிட்டுப் போகிறது. தமிழில் வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 4, இரவு 9.55 | பழஞ்சுவடி

வயிற்றெரிச்சலோடு பங்காளிக் காய்ச்சலையும் சேர்த்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். சாச்சோன் என்பது எண்ணிக்கையில் பிறந்த உறவு. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு சோன், உடன்பிறந்தோர் இரண்டு, பெற்றோரின் உடன்பிறந்தோர் மூன்று, அவர்கள் பிள்ளைகள் நான்கு. 'சா' என்றால் நான்கு. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். ஒரே இடத்திலிருந்து கிளம்பியவர்களில் ஒருவன் மட்டும் முன்னால் போய்விட்டான் என்பதுதான் இதில் குத்தும் இடம். முன்பின் தெரியாதவன் மாளிகை கட்டினால் யாருக்கும் வயிறு வலிக்காது. பச்சையாவது என்ற ஆங்கில வழக்கில் இந்த உறவு காணாமல் போகிறது.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நம் பங்காளி தந்தைவழி, அதில் சொத்துப் பிரிவினையும் சேர்ந்தே வரும். சாச்சோனில் தாய்வழியும் அடங்கும். அதற்குத் தனியாக 'வே' என்ற முன்னொட்டு வைத்து 'வேசாச்சோன்' என்பார்கள்.

இன்று 'பேகா ஆப்பாயோ', வயிறு வலிக்கிறது, என்று மட்டும் சொன்னாலும் இடத்தைப் பொறுத்துப் பொறாமையாக எடுத்துக்கொள்வார்கள். நண்பருக்கு வேலை உயர்வு கிடைத்ததும் சிரித்துக்கொண்டு சொல்லலாம். மருத்துவரிடம் சொன்னால் வயிற்றைத்தான் பார்ப்பார்.

பிப்ரவரி 5, காலை 6.30 | சப்டைட்டில் மேசை

'பேச்சில் தானாக வந்துவிடும்' என்று முதல் பதிவில் இருக்கிறதே, அதில்தான் பெரிய சிக்கல். பட்டியலில் இருக்கும் வடிவம் 'தா' என்று முடியும். அது எழுத்து நடை முடிவு. அதை அப்படியே பேச்சில் வைத்தால் மேடையில் ஒப்பிப்பது போல இருக்கும். கொரியர்கள் வாலை மாற்றுவார்கள். மூன்று வால் தெரிந்தால் பெரும்பகுதி ஓடிவிடும்:

'…தாதொனி': 'என்பார்களே, அதேபோல' என்ற பொருள். நடந்த நிகழ்ச்சியைப் பார்த்ததும் சொல்வது. பேசிக்கொண்டிருந்த ஆள் கதவைத் திறந்து வந்தால் 'ஹொராங்இதோ செ மல் ஹாம்யொன் ஓந்தாதொனி!' புலியும் தன்னைப் பற்றிப் பேசினால் வரும் என்பார்களே. வாக்கியத்தை முடிக்க வேண்டாம், அங்கேயே நிறுத்தலாம்.

'…தாகோ ஹாஜானாயோ': 'சொல்வார்கள் அல்லவா'. மரியாதை வடிவம். பெரியவர்களிடம் பழமொழி சொல்ல வேண்டியிருந்தால் இதுதான் பாதுகாப்பு.

மூன்றாவது, பாதியில் விடுவது. 'பேச்சு போகும்போது நல்லதாக இருந்தால்தான்…' என்று இழுத்துவிட்டு நிறுத்தினால், 'வருவதும் நல்லதாக இருக்கும்' என்ற மீதி எதிராளி மனதில் ஓடும். சண்டையில் இது முழு வாக்கியத்தைவிடக் கூர்மை.

பிப்ரவரி 5, காலை 9.10 | கரையோரம்

புலிப் பழமொழியில் 'செ மல்' என்பதை ஆங்கில வழியில் படிப்பவர்கள் 'என் பேச்சு' என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'செ' பணிவாக 'என்' என்றும் வரும் என்று முதல் பாடத்தில் படித்ததால். இங்கே அது 'தன்'. புலி தன்னைப் பற்றிய பேச்சைக் கேட்டு வருகிறது. ஆங்கிலத்தில் வருவது சாத்தான், கொரியாவில் புலி, நம்மூரில் 'நூறு ஆயுசு' என்று வாழ்த்து. மூன்றும் ஒரே தருணத்தில் சொல்வது, மூன்றின் சுவையும் வேறு. மேலதிகாரி உள்ளே வரும்போது புலியை அவர் காதுபட இழுக்காதீர்கள். அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்பதும் சேர்ந்தே வெளியே வந்துவிடும்.

பிப்ரவரி 5, பகல் 12.20 | பழஞ்சுவடி

'மல்' பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். 'பல் ஒம்னுன் மரி சொல்லி கந்தா': காலில்லாத மல் ஆயிரம் ரி போகும். ரி என்பது பழைய தூர அளவு. மல் என்றால் பேச்சு, மல் என்றால் குதிரையும். காலில்லாத குதிரை ஆயிரம் ரி ஓடுகிறது என்ற வியப்பு முதலில் தட்டி, பிறகு 'அட, வதந்தி' என்று விளங்க வேண்டும். பழைய உச்சரிப்பில் பேச்சுக்கு நெடில், குதிரைக்குக் குறில். இளைய தலைமுறை இந்த வேறுபாட்டைக் காப்பதில்லை, அதனால் சிலேடை இன்று இன்னும் நன்றாக விழுகிறது.

கொரிய ரி ஏறக்குறைய 0.393 கிலோமீட்டர். ஆயிரம் ரி 393. சோலிலிருந்து பூசான் வரை சாலை வழியாகப் போனால் ஏறக்குறைய அதுதான், நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. ஆங்கிலத்தில் 'ஆயிரம் மைல்' என்று போட்டால் 1,600 கிலோமீட்டர் ஆகிக் கடலைத் தாண்டிவிடும். ஜப்பானிய ரி இதைப்போல் பத்து மடங்கு, அதோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பிப்ரவரி 5, மாலை 5.45 | தொடங்கியவர்

அளவு என்றதும் 'மூன்று வயதுப் பழக்கம் எண்பது வரை' நினைவுக்கு வருகிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை தொட்டிலில் இருக்காதே?

பிப்ரவரி 5, மாலை 6.30 | பழஞ்சுவடி

இருக்கும். மரபுவழிக் கணக்கில் பிறந்த அன்றே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். ஆண்டின் கடைசி நாளில் பிறந்த குழந்தை மறுநாளே இரண்டு, அடுத்த புத்தாண்டில் மூன்று. நம் கணக்கில் அதற்கு ஓராண்டும் ஒரு நாளும்தான். ஆக 'செ சால்', அதாவது மூன்று வயது, என்பது முதல் பிறந்தநாள் முடிந்ததிலிருந்து மூன்று நிறையும் முன் வரை எங்கும் விழலாம். 2023 ஜூன் 28 முதல் சட்டத்திலும் அரசுக் காரியங்களிலும் பன்னாட்டு வயதுக் கணக்கே பொதுவிதி. பழமொழி பழைய கணக்கிலேயே நிற்கிறது.

பிப்ரவரி 6, காலை 8.00 | சப்டைட்டில் மேசை

எதிர்ப்பொருள் எடுக்கும் பழமொழி ஒன்று. 'சாகோங்கி மானும்யொன் பேகா சானுரோ கந்தா', படகோட்டிகள் கூடினால் படகு மலைக்குப் போகும். முதல்முறை கேட்பவர்களில் பலர் 'ஊர் கூடித் தேர் இழுத்தால் மலையிலும் ஏற்றலாம்' என்று ஒற்றுமைப் பாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். அது நேர் எதிர். ஆளாளுக்கு ஒரு திசை சொன்னால் படகு போகக்கூடாத இடத்துக்குப் போய்ச் சேரும். ஒற்றுமைக்கு வேறு இருக்கிறது: 'பேக்சிஜாங்தோ மத்துல்ம்யொன் நாத்தா', ஒரு வெள்ளைத் தாளைக்கூட இருவர் சேர்ந்து தூக்கினால் நல்லது. அலுவலகத்தில் உதவிக்கு ஆள் கூப்பிடத் தாள், கூட்டம் இழுத்துக்கொண்டே போகும்போது படகு. மாற்றிச் சொன்னால் உதவிக்கு வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

'நுவொசொ' என்று தொடங்கும் இரண்டும் இப்படித்தான். படுத்துக்கொண்டு தொக் தின்பது, மிக எளிது. படுத்துக்கொண்டு எச்சில் துப்புவது, மல்லாந்து உமிழ்ந்தால் மார்மேல். தன் குடும்பத்தைத் தானே பழிப்பவரைச் சொல்வது. தேர்வில் முதல் சொல்லைப் பார்த்து விடையைக் குறிப்பவர்கள் இங்கே மாட்டுவார்கள்.

பிப்ரவரி 6, காலை 10.40 | கரையோரம்

'ஆனி தேன் குல்துகே யொங்கி நால்கா', மூட்டாத புகைபோக்கியில் புகை வருமா? நெருப்பில்லாமல் புகையாது. இதிலாவது ஆங்கிலமும் தமிழும் கொரியமும் ஒன்று என்று விட்டுவிடலாம்.

பிப்ரவரி 6, பகல் 2.25 | பழஞ்சுவடி

பயன்பாட்டில் ஒன்றுதான். ஆனால் ஏன் புகைபோக்கி என்று பார்த்தால் படம் தெளியும். ஓந்தோல் வீட்டில் அடுப்பு வாய் சமையலறைப் பக்கம் தாழ்வாக இருக்கும். அங்கே மூட்டும் தீயின் சூடும் புகையும் அறைத் தரைக்கு அடியில் கல் பரப்பிய கால்வாய்கள் வழியாக ஓடி, தரையைச் சுடவைத்துவிட்டு, வீட்டின் மறுபக்கம் புகைபோக்கியில் வெளியேறும். தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தீ தெரியவே தெரியாது, புகை மட்டும். உள்ளே மறைந்திருப்பதை வெளியே தெரியும் ஒன்று காட்டிக்கொடுக்கிறது. வதந்திக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் கிடையாது.

வாக்கியம் கேள்வியாக இருப்பதையும் கவனியுங்கள். 'புகையாது' என்று தீர்ப்புச் சொல்லவில்லை, 'புகையுமா?' என்று கேட்டுவிட்டுக் கேட்பவரைத் தீர்ப்புச் சொல்ல வைக்கிறது.

பிப்ரவரி 6, இரவு 9.15 | தொடங்கியவர்

எவ்வளவு பழையவை இவையெல்லாம்? 'புலி புகை பிடித்த காலம்' என்பார்களே, அவ்வளவு பழையவையா?

பிப்ரவரி 6, இரவு 10.30 | பழஞ்சுவடி

அந்தத் தொடரே புகையிலைக்குப் பிந்தியது. புகையிலை கொரியாவுக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 'சிறிய மிளகாய்தான் அதிகக் காரம்' என்பதும் அப்படியே, நம் கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொரிய நூலில் அது பதிவானது 1614இல். ஆங்கிலப் பட்டியல்களின் முகப்பில் 'ஈராயிரம் ஆண்டு ஞானம்' என்று போட்டிருந்தால் இந்த இரண்டையும் வைத்துச் சோதிக்கலாம்.

எழுத்துச் சான்று வேண்டுமானால் ஹொங் மான்-ஜொங் 1678இல் எழுதிய 'சுனோஜி' இருக்கிறது. பெயருக்குப் பொருள் பதினைந்து நாள் குறிப்பு, அத்தனை நாளில் எழுதியதாம். அதன் பின்னிணைப்பில் பழமொழிகள். அடுத்து 1820இல் அறிஞர் சொங் யாக்-யோங் தொகுத்த 'இதாம் சொக்சான்'. மக்கள் வாயில் கொரியத்தில் இருந்ததை இவர்கள் சீன எழுத்தில் எண்ணி அடுக்கி வைத்தார்கள். 'பகல் பேச்சைப் பறவை கேட்கும், இரவுப் பேச்சை எலி கேட்கும்' அந்த 1820 தொகுப்பில் எட்டே எழுத்தில் நிற்கிறது. பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்று நாமும் சொல்கிறோம். நம்முடையது கட்டளை, அவர்களுடையது பறவையையும் எலியையும் காட்டிவிட்டு விடுவது.

பிப்ரவரி 7, காலை 7.20 | கரையோரம்

சொதாங் நாயை விட்டுவிட்டீர்கள். 'சொதாங் கே சாம் ந்யொனிம்யொன் புங்வொருல் உம்னுந்தா': சொதாங் என்பது கிராமத்துத் திண்ணைப் பள்ளி, அங்கே மூன்று ஆண்டு கிடந்த நாய் கவிதை சொல்லும். கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும். இதற்கு ஒரு கேலி வடிவமும் உண்டு, 'உணவகத்து நாய் மூன்று ஆண்டில் ராம்யொன் சமைக்கும்'. ராம்யொன் என்பது உடனடி நூடுல்ஸ்.

பிப்ரவரி 7, காலை 8.05 | பழஞ்சுவடி

அருமையான இணை. ஆனால் கட்டுத்தறி கம்பனைப் புகழ்கிறது. சொதாங் நாயில் ஆசிரியருக்குப் பங்கில்லை, நாள்தோறும் காதில் விழுந்ததற்குத்தான் பங்கு. அதனால் கொரியர் இதைத் தன்னைப் பற்றியே அடக்கமாகச் சொல்லலாம்: 'சமையல் தெரியாது, அம்மா செய்வதைப் பார்த்த பழக்கம், சொதாங் நாய் போல'. பிறரிடம், முக்கியமாக மூத்தவரிடம், சொன்னால் அவரை நாய் என்றதாகிவிடும். நாய் வரும் எந்தக் கொரியப் பழமொழிக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. 'சாணி அப்பிய நாய் தவிடு அப்பிய நாயைத் திட்டும்' என்பது பித்தளை ஈயத்தைப் பார்த்து இளித்ததற்கு நேர். பானை கெண்டியைக் கறுப்பு என்றது என்ற ஆங்கில இணையில் இருவரும் சமமான கறுப்பு. கொரியத்தில் திட்டுபவர்தான் அதிக அழுக்கு. கேட்பவர் அதைக் கட்டாயம் கவனிப்பார்.

'பெட்டைக் கோழி கூவினால் குடும்பம் கெடும்' என்பதும் பட்டியல்களில் விளக்கமின்றிக் கிடக்கிறது. படித்தால் புரிந்துகொள்ளத் தெரிந்துவைத்திருங்கள். சொல்லாதீர்கள். நம் மொழியிலும் இதன் உடன்பிறப்பு இருக்கிறது, அதையும்.

பிப்ரவரி 7, இரவு 9.00 | தொடங்கியவர்

நூறை நெட்டுருப் போடுவதை விட்டுவிடுகிறேன். அட்டையில் என்ன எழுதுவது, அதைச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 7, இரவு 10.10 | சப்டைட்டில் மேசை

முன்பக்கம் பழமொழியை எழுதாதீர்கள். தருணத்தை எழுதுங்கள்: 'பேசிக்கொண்டிருந்த தோழி வந்துவிட்டாள்'. பின்பக்கம் பழமொழி, பேச்சு வாலோடு. அதன் கீழே யார் யாரிடம் சொல்வது, கேலியா, குற்றச்சாட்டா, ஆறுதலா. கடைசியாக, பாதியில் நிறுத்துவதானால் எந்தச் சொல்லில் நிறுத்துவது என்று ஒரு கோடு. ஆங்கில இணையை எழுத வேண்டாம், எழுதினால் கண் அதற்கே போகும். தமிழ் இணை அச்சாக ஒட்டினால் மட்டும் எழுதுங்கள், ஒட்டாத இடத்தில் வெறுமையாக விடுங்கள்.

வாரத்துக்கு ஐந்து போதும். முதல் ஐந்துக்கு என் தேர்வு: புலி, கிம்ச்சிச் சாறு, வயிற்று வலி, வெள்ளைத் தாள், 'சிஜாகி பானிதா'. கடைசியது 'தொடக்கமே பாதி'. ஆங்கிலம் 'நன்றாகத் தொடங்கினால் பாதி முடிந்தது' என்று நிபந்தனை போடும், கொரியம் போடாது. கிளம்பினாலே பாதி.

பிப்ரவரி 8, காலை 6.45 | கரையோரம்

அந்த ஐந்தில் 'கும்காங்சான்தோ சிக்குக்யொங்' இல்லாதது குறை. கும்காங் மலையானாலும் சாப்பாட்டுக்குப் பிறகே காட்சி. ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு முதல் நாளிலேயே பயன்படும்.

பிப்ரவரி 8, காலை 7.30 | சப்டைட்டில் மேசை

வெள்ளைத் தாளை எடுத்துவிட்டு இதை வையுங்கள். 'பசி வந்திடப் பத்தும் பறந்துபோம்' என்று பக்கத்தில் எழுதிவிடாதீர்கள். அது மானம் குலம் பறிபோகும் பசி. இது 'முதலில் சாப்பிடலாம் வாங்க' என்று உற்சாகமாகக் கூப்பிடுவது. வேலைக் கூட்டம் மதியம் ஒரு மணியைத் தாண்டும்போது வயதில் இளையவர்கூடத் தயக்கமின்றிச் சொல்லலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். மலை வடகொரியப் பக்கம் இருக்கிறது. தெற்கிலிருந்து 1998இல் தொடங்கிய சுற்றுலா 2008 ஜூலையில் நின்றுபோனது. பழமொழி மட்டும் ஒவ்வொரு மதியமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அட்டையில் நிறுத்தக் கோடு வேண்டாம், இதை முழுதாகவே சொல்வார்கள், ஏழே அசை.